கம்யூனிட்டி கல்லூரி என்றால் கௌரவக் குறைவா?

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முப்பது வருஷத்திற்கு மேல் அரசு உத்தியோகம் பார்த்தவன் நான். டிரான்ஸ்ஃபர் என்றால் ஆர்டர் வரும், மூட்டை கட்டுவோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் பல்கலைக்கழகம் மாறுவதையும் அப்படியே நினைத்து, பேரனுக்கு ஒரு யோசனை சொன்னேன். அது சரியாக அமையவில்லை. உங்களில் பலருடைய பேரன் பேத்திகள் அங்கே படிப்பதால் அதைச் சொல்கிறேன்.

என் பெண்ணின் குடும்பம் இருப்பது கலிஃபோர்னியாவில். 2019-ல் பேரனுக்கு பெர்க்லியில் இடம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகத்தில் கிடைத்தது. "தாத்தா, பக்கத்து கம்யூனிட்டி கல்லூரியில் ரெண்டு வருஷம் படிச்சுட்டு பெர்க்லிக்கு முயற்சி பண்ணட்டுமா?" என்று கேட்டான். நம் நாட்டில் அந்தப் பெயரில் நடப்பவை பெரும்பாலும் தொழிற்பயிற்சிகள். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. "பல்கலைக்கழகத்திலேயே சேர். ஒரே நிர்வாகம்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றேன்.

சேர்ந்தான். 2021-ல் பெர்க்லிக்கு மாற விண்ணப்பித்தான், கிடைக்கவில்லை. போகப்போகிற இடம் என்று நினைத்து அந்த இரண்டு வருஷமும் அவன் மனசு அங்கே ஒட்டவே இல்லை என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

அதற்குப் பிறகே விதிகளைப் படித்தேன். 1960-ஆம் ஆண்டு வகுத்த உயர்கல்வித் திட்டம் அந்த மாநிலத்தில் மூன்று அடுக்குகளை அமைத்தது. அடியில் உள்ளவை கம்யூனிட்டி கல்லூரிகள். இன்று 116 இருக்கின்றன. அங்கே 60 செமஸ்டர் யூனிட் முடித்து மூன்றாம் ஆண்டில் சேர வருபவர்களுக்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முன்னுரிமை தருகிறது. ஒரு வளாகத்திலிருந்து இன்னொன்றுக்கு வருபவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான். இது நியாயமும்கூட, உள்ளே இருப்பவருக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறதே!

பாடப் பொருத்தமும் முக்கியம். கம்யூனிட்டி கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற இணையதளம் பட்டியலிடுகிறது. வளாகம் விட்டு வளாகம் மாறுவதில் வேறு சிக்கல். பெர்க்லியும் மெர்சிடும் செமஸ்டர் முறை. மற்றவை குவார்ட்டர் முறை. ஒரு வருஷப் பௌதிகத்தை ஓரிடத்தில் இரண்டாகவும் இன்னோரிடத்தில் மூன்றாகவும் பிரித்தால், நடுவில் மாறுகிறவனுக்கு இடிக்கும்.

மேலும் டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றில், கம்யூனிட்டி கல்லூரி மாணவர் நிபந்தனைகளை நிறைவேற்றினால் உத்தரவாத இடமே பெறலாம். சில துறைகளுக்கு இது கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் சேரவில்லை.

செலவையும் பாருங்கள். மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி கல்லூரியில் யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். பல்கலைக்கழகத்திலோ வருஷத்திற்கே 14,000 டாலருக்கு மேல். கடைசியில் பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான்.

ஆனால் இது சுலப வழி அல்ல. முதல் செமஸ்டரிலேயே பாடங்களைத் திட்டமிட வேண்டும். கவனம் தப்பினால் காலம் ஓடிவிடும்.

2023-ல் பேரனின் தங்கை அந்தக் கல்லூரியில்தான் சேர்ந்தாள். பெர்க்லி அவளுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் டேவிஸ் உத்தரவாதம் கையில் இருந்தது. 2025-ல் அங்கே சேர்ந்தாள். பேரனும் சேர்ந்த இடத்திலேயே பட்டம் வாங்கி நல்ல வேலையில் இருக்கிறான்.

ஆகவே குழந்தைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கேயே பட்டம் வாங்க உனக்குச் சம்மதமா?" சம்மதமென்றால் தாராளமாகச் சேரட்டும். மாறுவதற்காகவே சேர்வதானால், கம்யூனிட்டி கல்லூரியையும் பரிசீலிக்கட்டும்.

ஒரு நாள் வீட்டிற்கு வந்த உறவினரிடம், "பேத்தி காலேஜில் படிக்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். ஃபோனில் இருந்த அவள் காதில் அது விழுந்துவிட்டது. "ஏன் தாத்தா, பாதிப் பேரை முழுங்கறேள்?" என்றாள். அன்றிலிருந்து முழுப் பெயரையும் சொல்கிறேன்.