உடன்பிறந்தாள் நோயுற்றபோது
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயுற்றார்க்கு உறவினர் செய்யத்தக்க துணை யாது என்பதே யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் தங்கை இரத்தப் புற்றுநோயுற்று, ஏழு திங்களாகப் பாளையங்கோட்டையில் சிகிச்சை பெற்று வருகின்றாள். பொருநைக்கரை ஊர்களினின்று நம்மவர் பூவும் பழமும் ஏந்தித் திரளாக வந்தனர். அவர்தம் அன்பு பெரிதே. ஆயினும், மருந்தின் வன்மையால் வெள்ளணுக்கள் குறைந்த உடம்பு பிறரது சிறு சளியையும் தாங்காது. ஆதலின் வாயிலிலேயே வணங்கித் திருப்பினேன். சிலர் சினந்தனர்.

கண்டு செல்வதினும் கொடுத்துச் செல்வதே துணையாம். அவளுக்குக் குருதித் தட்டணுக்கள் பன்முறை வேண்டின. கொடையாகப் பெறும் அவை ஐந்து நாட்களுக்குமேல் கெடாது நில்லா. ஆதலின் கொடுப்போர் இடையறாது வேண்டும். எலும்பு மச்சை மாற்றத்திற்கோ, உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. என் மச்சை பொருந்தவில்லை. நள்ளிரவில் தட்டணு அளித்துக் காத்த இளைஞர் நம் மரபினர் அல்லர். அவர்தம் குலத்தை யான் வினவவும் இல்லை.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துயரையே வித்தாக்கி, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். நம்மால் அத்துணை இயலாது. ஆயின், ஊர்தோறும் குருதி கொடுப்போர் பெயரை வகையோடு எழுதிவைத்தல் இயலும். கேட்பவர் எக்குலத்தவராயினும் அப்பட்டியல் அவர்க்குப் பயன்படுக! அதன்கண் முதற்பெயர் என்னுடையதாகுக என வேண்டி அமர்கின்றேன்.