கைத்திறனும் அகவையும்



பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் தாய் தன் விரலை வைத்தால், குழந்தை அதை இறுகப் பற்றுகிறது. இஃது அதன் விருப்பத்தால் நிகழ்வதன்று. உடலின் அனிச்சைச் செயல். ஏறத்தாழ 6 திங்களுக்குள் அப்பிடி தானே மறைகிறது. அதன்பின் குழந்தை தான் விரும்பியதை எட்டிப் பிடிக்கிறது. ஒரு கையிலுள்ளதை மறு கைக்கு மாற்றுகிறது. 9, 10 திங்களில் பெருவிரலும் சுட்டுவிரலும் இணைந்து, தரையில் கிடக்கும் ஒரு பொரியைப் பொறுக்கி எடுக்கின்றன. பொத்தான் இடுதல், கத்தரிக்கோல் பிடித்தல், எழுதுதல் ஆகியவை பின்னர் ஒவ்வொன்றாகக் கைகூடுகின்றன. விதை கோத்தும் களிமண் பிசைந்தும் விரல் உரம்பெறு முன்னரே பிள்ளைகளை எழுத வற்புறுத்துதல் நன்றன்று.

இத்திறனை அளக்கவும் வழிகள் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டிஃபின், தொழிற்சாலைகளுக்கு ஆள் தேர்வதற்காகத் துளைப்பலகைச் சோதனை ஒன்றை வகுத்தார். அது 1948-இல் வெளியிடப்பெற்றது. 30 நொடிகளில் எத்தனை சிறு முளைகள் துளைகளில் செருகப்படுகின்றன என்று வலக்கை, இடக்கை, இரு கை எனத் தனித்தனியே எண்ணுவர். மருத்துவமனைகளில் 9 துளைப் பலகை வழங்குகிறது. முளைகளைச் செருகி மீண்டும் எடுத்துவைக்க நலமுள்ள இளைஞர்க்கு ஏறத்தாழ 20 நொடிகள் ஆகும். அறுபதைக் கடந்தோர்க்கு மேலும் சில நொடிகள் கூடும். விரல்நுனியின் தொடுவுணர்வு மங்குவதும், தசை மெலிவதும், நரம்பின் செய்தி தாழ்ந்து செல்வதுமே காரணங்கள்.

ஆயினும் கடிகாரம் காட்டுவது முழு உண்மையன்று. 1984-இல் டிமோதி சால்ட்ஹவுஸ் என்னும் உளவியல் அறிஞர் 19 முதல் 72 அகவை வரையிலான தட்டச்சாளர்களை ஆராய்ந்தார். தனித்த விரல் வேகத்தில் முதியோர் பின்தங்கினர், தட்டச்சிலோ பின்தங்கவில்லை. அடுத்து வரும் எழுத்துகளை அவர்கள் கண்கள் முன்கூட்டியே நெடுந்தொலைவு நோக்கியிருந்தன. விரல் இழந்ததைப் பழக்கம் ஈடுசெய்தது.

இச்செய்தி நம் இல்லங்களுக்கு உரியது. பாட்டி பூத்தொடுக்க அமர்ந்தால், "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் செய்கிறோம்" என்று நாரைப் பறித்துக்கொள்கிறோம். தாத்தா சட்டைப் பொத்தானோடு போராடினால் ஓடிச் சென்று மாட்டிவிடுகிறோம். அன்பினால் செய்வதே எனினும், அவர்தம் கைக்கு எஞ்சியுள்ள பயிற்சியையும் அது பறித்துவிடுகிறது. அரிசி பொறுக்குதல், கோலமிடுதல், கணக்கெழுதுதல் யாவும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நேரம் சற்றுக் கூடட்டும்.

ஒன்றை மட்டும் மறவற்க. கை மெல்ல மெல்லத் தாழ்வது முதுமை. ஒரு கை திடீரெனத் தளர்வது முதுமையன்று. அது பக்கவாதத்தின் அறிகுறி ஆகலாம். அப்போது ஒரு நொடியும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மூத்தோர் கையில் வேலையும், இளையோர் மனத்தில் பொறுமையும் நிலைப்பதாகுக.