இரவல் மாவில் ஒரு திருநாள்



கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் ப்ளின்ட்ஸ் என்ற பண்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மசால் தோசையை நினைத்துக்கொண்டால் உருவம் பிடிபட்டுவிடும். ஆனால் மாவு வேறு. மைதா, முட்டை, பால், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். புளிக்க வைப்பதில்லை.

செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூடான வாணலியில் மாவை ஊற்றிச் சுழற்றி, காகிதம்போல் மெல்லிசாக, ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். ஓரம் எழும்பியதும் துணிமேல் எடுத்துப் போடுவார்கள். பாலைத் திரளவைத்துத் துணியில் வடித்த பாலாடைக்கட்டியில் முட்டையும் சர்க்கரையும் பிசைந்து, வெந்த பக்கத்தில் வைப்பார்கள். நாலு புறமும் மடித்துச் சுருட்டி, மறுபடி வெண்ணெயில் இடுவார்கள். வேகாத பக்கம் வெளியே இருப்பதால் அது அப்போதுதான் பொன்னிறமாகச் சிவக்கும். மேலே புளித்த பாலேடு, அல்லது செர்ரிப் பழப்பாகு.

இது யூதர்கள் கண்டுபிடித்த பண்டமா? இல்லை. ரஷ்யரும் உக்ரைனியரும் 'ப்ளின்' என்று சொல்லும் அப்பம்தான் இதற்கு மூலம்; அந்த யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் இதன் பெயரும் அங்கிருந்து வந்ததே. 1791 முதல் 1917 வரை ரஷ்யப் பேரரசு யூதர்களில் பெரும்பாலோரை அதன் மேற்கு எல்லைப் பகுதிக்குள்ளேயே வாழ வைத்தது. இன்றைய லித்துவேனியா, பெலாரஸ், உக்ரைன், மால்டோவா எல்லாம் அதில் அடங்கும். அந்தச் சிற்றூர்களில் யூதரும் கிறித்தவரும் அக்கம்பக்கத்தார். சந்தை ஒன்று, மாவு ஒன்று, பால் ஒன்று.

இப்போது கவனியுங்கள். அந்த அப்பத்தைக் கிறித்தவர்கள் தவக்காலத்துக்கு முந்தைய வாரத்தில் சுட்டார்கள். வட்டமான அப்பத்தைச் சூரியனின் வடிவம் என்றார்கள். யூதர்களோ அதை ஷவுவோத் திருநாளுக்கு உரியதாக்கினார்கள். பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் நாளிலிருந்து ஏழு வாரம் கழித்து, மே அல்லது ஜூனில் வரும் நாள்; சீனாய் மலையில் மோசே வழியாகத் தங்கள் வேதமான தோரா அருளப்பட்ட நாள் என்று அவர்கள் கொண்டாடும் நாள். இரண்டு ப்ளின்ட்ஸைத் தட்டில் அருகருகே வைத்தால் தோராவின் இரட்டைச் சுருளாகத் தெரிகிறது என்றார்கள்.

அந்த நாளில் ஏன் பால் உணவு? காரணங்கள் பல. விவிலியத்தின் உன்னதப்பாட்டில் தேனும் பாலும் வரும் இடத்தைத் தோராவைக் குறிப்பதாக விளக்கினர் அறிஞர்கள். புதிய சட்டம் கிடைத்த அன்று, அதன்படி அறுத்த இறைச்சி கையில் இல்லாததால் பாலே உணவாயிற்று என்றனர் சிலர். எபிரேயத்தில் பால் என்ற சொல்லின் எழுத்துகளுக்கு எண்மதிப்பு 40. மோசே மலைமேல் இருந்ததும் 40 நாள் என்றனர் வேறு சிலர். இதோடு மாட்டுத் தொழுவத்தின் காரணமும் உண்டு: கன்று ஈன்று, பச்சைப்புல் மேய்ந்து, பால் பொங்கும் பருவம் அது. பாலையும் இறைச்சியையும் சேர்த்து உண்ணக்கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆகவே இறைச்சி இல்லாத விருந்துக்கு ஒரு ராஜபண்டம் தேவைப்பட்டது. ப்ளின்ட்ஸ் அந்த இடத்தில் அமர்ந்தது.

1881-இல் ரஷ்யப் பேரரசர் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அந்தப் பழியை யூதர்மேல் சுமத்திக் கலவரங்கள் எழுந்தன. அன்றிலிருந்து 1924-இல் அமெரிக்கா கதவை ஏறக்குறைய மூடும் வரை சுமார் 20 லட்சம் யூதர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நியூயார்க்கில் இறைச்சியே சமைக்காத பால் உணவகங்கள் எழுந்தன. 1905-இல் தொடங்கிய ராட்னர்ஸ் என்ற உணவகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ப்ளின்ட்ஸுக்குப் பேர்போனதாக இருந்தது. பின்னால் தங்கிவிட்டவர்களின் ஊர்களை நாஜிகள் அழித்தார்கள். கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். கடல் தாண்டிய பெண்களின் கைப்பழக்கத்தில் அந்த ஊர்களின் ருசி பிழைத்துக்கொண்டது. அந்தப் பெண்களின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. அவர்களை இந்த மேடையில் வணங்குகிறேன்.

நண்பர்களே, ஷவுவோத் அன்று யூதர்கள் ஓதுவது ரூத் ஆகமம். ரூத் யார்? மோவாப் நாட்டுப் பெண், அயலாள். மாமியாரின் கைபற்றி வந்து அந்த மக்களில் ஒருத்தியானாள். தாவீது மன்னனின் பாட்டனைப் பெற்றவள் அவள்தான். அவளை ஓதும் நாளில், அயலார் வீட்டிலிருந்து வந்த அப்பம் பந்தியில் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

'இந்த உணவு உன்னுடையதல்ல, எங்களிடம் எடுத்தது' என்று உலகெங்கும் இன்று சண்டை நடக்கிறது. சண்டையிடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாவு யாரிடமிருந்தும் வரலாம். அதற்குள் தன் சட்டத்தையும் பருவத்தையும் நினைவையும் வைத்து மடித்து, தலைமுறைக்குத் தலைமுறை பரிமாறுகிறவர்களுக்கு அது சொந்தம். கொடுத்த அண்டை வீட்டாருக்கும் அதில் பெருமை உண்டு. வாங்கியதை ஒப்புக்கொள்வதால் எந்தப் பண்பாடும் சிறுத்துப்போவதில்லை.