செவியும் இலக்கணமும்

(ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



கைத்தொலைபேசியிடம் தமிழிற் பேசினால் அஃது எழுதிக் காட்டும் காலம் இது. வெள்ளவத்தையிலே நம் பாட்டிமாரும் பேசிப் பார்க்கிறார்கள். அது வேறெதையோ எழுதிவிடுகிறது. பிழை எங்கே என்று பார்ப்போம்.

ஈழத்துப் பேச்சிலே ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆகவே 'வாளை' என்று காதில் விழுவது வாழை மரமாகலாம், வாளை மீனாகலாம், வாள் என்னும் ஆயுதம் இரண்டாம் வேற்றுமை ஏற்றதாகவும் இருக்கலாம். செவி எத்துணை கூரியதாயினும் ஒலியை மட்டும் கொண்டு இம்மூன்றையும் பிரிக்க முடியாது. 'வாளை விழுந்தது' என்று முடிந்தால் இலக்கணம் ஆயுதத்தை உடனே விலக்கிவிடும். விழுதல் செயப்படுபொருளை ஏற்காத வினையன்றோ? மரமா, மீனா என்பதை இலக்கணமும் அறியாது. அதனைப் பொருள்தான் சொல்லவேண்டும்.

தமிழிலே வினை இறுதியில் வருவதனால் தீர்ப்பும் இறுதியிலேதான் வரும். அதுவரை கருவி மூன்றையும் கைவிடாது காத்திருக்கவேண்டும். அமெரிக்காவிலே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 1976 இல் செய்து காட்டிய 'ஹார்பி' என்னும் ஒழுங்கு இவ்வாறே காத்திருந்தது. அதற்குத் தெரிந்தவை 1,011 சொற்கள். அவற்றால் அமையத்தக்க வாக்கியங்கள் யாவும் ஒரே வலைப்பின்னலாய் அமைந்திருந்தன. கேட்ட ஒலிக்கு நன்கு பொருந்தும் பாதைகள் சிலவற்றை மட்டும் அது உடன்கொண்டு சென்றது.

இன்றோ கருவி பெருந்தொகையான பேச்சையும் எழுத்தையும் கொண்டு வழக்கைத் தானே கற்கிறது. யாருடைய வழக்கை என்பதே எங்கள் கேள்வி.

'மாமா ஆக்கள் வந்தவை' என்று யாழ்ப்பாணத்தார் சொல்வர். நாவலர் பெருமானின் இலக்கணச் சுருக்கம் படித்தவருக்கு 'வந்தவை' அஃறிணைப் பன்மை. ஏட்டிலக்கணம் மட்டும் கற்ற கருவி மாமாவையும் அஃறிணையிற் சேர்த்துவிடும்! கொட்டாஞ்சேனையிலே அடுத்த வீட்டாரோ 'வந்தாங்க' என்பார். இரண்டுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு. அதனைக் கருவிக்குக் கொடுக்கத்தான் ஆளில்லை.

மொசில்லா நிறுவனத்தாரின் 'கொமன் வொயிஸ்' திட்டத்திலே தமிழுக்கும் எவரும் குரல் கொடுக்கலாம். ஆயின் எழுதிய வாக்கியத்தை வாசிப்பது வேறு, வீட்டிலே பேசுவது வேறு. ஆதலால் மன்றத்து இளைஞர் சிலர் பெரியோரின் சம்மதத்துடன் அவர்தம் பேச்சைப் பதிவுசெய்து, கேட்டபடியே எழுதி வருகிறோம். முதற் பதிவு எங்கள் வீட்டுப் பாட்டியுடையது. "உதையெல்லாம் ஏன் மோனை எழுதுறாய்?" என்று கேட்டார். கருவி அதனைக் காலால் உதைக்கும் உதையென்று கொள்ளக்கூடும் என்பதால், 'உது' என்னும் சுட்டு என்று பக்கத்திலே குறித்து வைத்திருக்கிறோம்.