எண்ணெயும் மங்குப் பாலும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எண்ணெய் என்றவுடன் தாளிக்கிற எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று தாய்மார்கள் எண்ணிவிட வேண்டாம். நான் பேச வந்தது நிலத்தடி எண்ணெயைப் பற்றி. "நாம் வெட்டுவது ரப்பர் மரம், அதோடு நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நிரம்பச் சம்பந்தமுண்டு.

சரவாக்கில், மிரி நகரையொட்டிய குன்றின்மேல் 1910-ம் ஆண்டில் ஷெல் கம்பெனியார் முதல் கிணறு தோண்டினர். 1972 வரை அது எண்ணெய் தந்தது. தோண்டியெடுக்கும் கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். ஆவி மேலே ஏற ஏறக் குளிர்ந்து தட்டுத் தட்டாகப் பிரியும். உச்சியில் வாயு, அதன்கீழ் பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய், டீசல். அடியில் தங்குவது சாலைக்குப் போடும் தார்.

லயத்தில் அந்நாளில் விளக்கெரித்த மண்ணெண்ணெயின் இனந்தான் இன்று ஆகாய விமானத்தை ஓட்டுகிறது. பால் லாரிக்கு டீசல், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல். மழைக்கு மரத்தில் கட்டும் பிளாஸ்டிக்கும் எண்ணெயின் பிள்ளையே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1942-ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தனர். அமெரிக்கா வாங்கிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நம் வட்டாரத்துச் சரக்கு, அது நின்றது. டயரில்லாமல் யுத்தம் ஏது? புட்டாடையீன், ஸ்டைரீன் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்து அவர்கள் பெருமளவில் செயற்கை ரப்பர் செய்தனர். ஆரம்பத்தில் புட்டாடையீனைச் சாராயத்திலிருந்தும் எடுத்தார்கள். பின்னர் எண்ணெயே மூலமாயிற்று. யுத்தம் முடிந்தது, செயற்கை ரப்பர் நின்றுவிடவில்லை. இன்று உலகம் உபயோகிக்கும் ரப்பரில் பாதிக்கு மேல் அதுதான். ஆயினும் விமானம் தரையிறங்கும்போது அடியையும் சூட்டையும் தாங்கும் டயருக்கு இன்னும் நம் பாலையே நாடுகிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வந்தான்!

1973-ல் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. பீப்பாய் (159 லிட்டர்) சுமார் 3 டாலருக்கு விற்ற எண்ணெய் 1974 ஜனவரிக்குள் 11 டாலரைத் தாண்டியது. எண்ணெய் ஏறினால் செயற்கை ரப்பரின் அடக்கவிலை ஏறும். டயர் கம்பெனி மரத்துப் பாலைத் திரும்பிப் பார்க்கும். எண்ணெய் இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தவறாமல் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். சீனா எவ்வளவு வாங்குகிறது, தாய்லாந்து எவ்வளவு விற்கிறது என்பதும் உண்டு.

ஆனால் ரப்பரைத் தூக்கும் அதே எண்ணெய் லாரி வாடகையையும் உரத்தையும் அரிசியையும் தூக்கிவிடுகிறது. ரப்பர் விலை ஏறிக் கூலியில் நாலு காசு கூடினால், கடைக்கணக்கில் ஆறு காசு போயிருக்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தார் ரப்பர் விலையை மட்டும் மேசைமேல் வைப்பார்கள். மற்றதை நாமல்லவா வைக்கவேண்டும்?

கிராணிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மாதந்தோறும் ரப்பர் விலைக்குப் பக்கத்தில் எண்ணெய் விலையையும், கடையில் அரிசி விலையையும் ஒரே தாளில் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள்.