உதவித்தொகை மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவியர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவில் இத்தனை வருஷம் இருந்துட்டு வந்திருக்கீங்க, நமக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நயாகராவைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு நடன விழாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், ஆடிக் காட்ட மாட்டேன்!

மேரிலாண்டில் என் பக்கத்து வீட்டில் கறுப்பின அம்மையார் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருநாள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, "எங்கள் விழா மலருக்கு ஒரு விளம்பரம் கொடு" என்றார். மலருக்கு விளம்பரம் கேட்டு வீடு வீடாக அலைந்தவள் நான், எப்படி மறுப்பேன்? அரைப் பக்கத்துக்குப் பணம் கொடுத்தேன். விழாவுக்கு அழைப்பும் வந்தது.

விழாவின் பெயர் கோட்டிலியன். பள்ளி இறுதி வகுப்புப் பெண்கள், வெள்ளை கவுனும் நீண்ட வெள்ளைக் கையுறையுமாக, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக மேடைக்கு வருகிறார்கள். முழங்காலை மடக்கிச் சபைக்கு வணக்கம் சொல்கிறார்கள். பிறகு வால்ட்ஸ் நடனம். ஒரு பெண்ணுக்கு அப்பா இல்லை. தள்ளாத வயதில் தாத்தா அழைத்து வந்தார். அவளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

நம்ம ஊர் மஞ்சள் நீராட்டு மாதிரிதானே என்று முதலில் நினைத்தேன். பெண் கல்யாணத்துக்குத் தயார் என்று ஊருக்குச் சொல்வது. மேல்நாட்டுப் பணக்காரக் குடும்பங்களிலும் இந்த வழக்கம் அதற்காகத்தான் வந்தது. ஆனால் இந்த மேடையில் அறிவித்தது வேறு. இந்தப் பெண் எந்தக் கல்லூரிக்குப் போகிறாள், என்ன படிக்கப்போகிறாள், அவளுக்கு எவ்வளவு உதவித்தொகை என்றுதான் வாசித்தார்கள். மலரில் வந்த விளம்பரப் பணம் அதற்குத்தான்.

நடத்தியது ஒரு சொராரிட்டி. மாணவியரின் சகோதரிச் சங்கம். லத்தீனில் 'சொரார்' என்றால் சகோதரி. கறுப்பினப் பெண்களுக்கான முதல் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908இல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1913 ஜனவரியில் அங்கேயே 22 மாணவியர் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். அந்த மார்ச் 3ஆம் தேதியே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டன் ஊர்வலத்தில் நடந்தார்கள். 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் நம் சென்னையில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தச் சங்கங்களில் பட்டம் வாங்கியதோடு உறவு முடிவதில்லை. வேலைக்குப் போனவர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஊருக்கு ஊர் கிளை வைத்து உழைக்கிறார்கள்.

விழா ஒரு மாலைதான். அதற்கு முன்னால் பல மாதச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. நிதியுதவிப் படிவத்தை எப்படி நிரப்புவது, கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டுரை எப்படி எழுதுவது, வங்கிக் கணக்கு, நேர்முகத் தேர்வு, பெரிய இடத்தில் சாப்பிடும் முறை, முதியோர் இல்லத்தில் சேவை எல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அக்கா. அவர் டாக்டராக இருப்பார், வக்கீலாக இருப்பார், தபால் ஆபீசில் இருப்பார்.

"இந்த கவுனுக்கு ஆகிற செலவையும் படிப்புக்கே கொடுக்கலாமே?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நியாயமான கேள்விதான். முடியாத பிள்ளைகளுக்குப் போன வருஷ கவுனைத் தைத்துக் கொடுக்கிறோம், யாருக்கும் தெரியாது. ஆனால் பணம் அவளைக் காலேஜ் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே போனபின் யாரைக் கேட்பது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1979இல் இங்கே பி.எஸ்ஸி. முதலாண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முகம்தான் கண்முன் நின்றது. கிராமத்திலிருந்து வந்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. உதவித்தொகையில் படித்தாள். அதை வருஷா வருஷம் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுக்கணும் என்பது அவளுக்குத் தெரியாது. நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நான் படித்தேன். எனக்குத் தேவைப்படாததால் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. இரண்டாம் ஆண்டில் அவள் வரவில்லை. தேதி போனதே காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. பணம் இருந்தது, தோழிகளே. சொல்ல ஆள் இல்லை.

அதன்பின் நம் சங்க நிதிக்கு வருஷம் தவறாமல் காசோலை அனுப்பினேன். யார் அந்தப் பணத்தில் படிக்கிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நமக்கு கவுனும் வேண்டாம், வால்ட்ஸும் வேண்டாம். நம் நிதியில் படிக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் நம்மில் ஒருத்தி அக்காவாக இருப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். ஊரில் இல்லாதவர்கள் போனில் பேசலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லாத அறிவிப்பையும் படித்து, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுங்கள்.