உப்பின் உறவு



உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உப்புப் பளிங்கு என்பது சோடியம், குளோரைட்டு அயன்கள் ஒழுங்காக அடுக்கிய சாலகம். அதற்குள் ஓர் இலத்திரன் புகுந்தால் நேரயன்கள் அதை நோக்கிச் சாயும், மறையயன்கள் விலகும். இந்த நெளிவையும் இழுத்துக்கொண்டே இலத்திரன் நகரும். 1933இல் லாந்தாவ் முன்வைத்த இக்கருத்துக்கு, 1946இல் பெக்கார் 'போலரன்' எனப் பெயரிட்டார்.

குளோரினின் இடத்தில் அயடீன், கூடவே ஈயம்: ஏலைட்டுப் பெரோவ்ஸ்கைட்டும் உப்பின் உறவே. ஆனால் இது குறைகடத்தி, சாலகமும் மென்மையானது. அதன் ஓயாத அதிர்வு இலத்திரனின் வேகத்தைத் தடுக்கிறது. அதே நெளிவே இலத்திரனைச் சூழ்ந்து காத்து, அதன் ஆயுளை நீட்டுகிறது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2009இல் ஜப்பானில் மியாசாக்கா குழு செய்த சூரியக்கலம் ஒளிச்சக்தியில் 3.8% மட்டுமே மின்னாக்கியது. இன்று ஆய்வுகூடங்களில் அது 25%ஐத் தாண்டிவிட்டது.

நுரைச்சோலையில் நிலக்கரி எரியும் நம் கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் மழை வந்தால் உப்புக்கு என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். பெரோவ்ஸ்கைட்டும் ஈரத்தில் சிதையும்; மூடியுள்ள கண்ணாடி உடைந்தால் ஈயம் கசியலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதை வைத்தியர்களாகிய நாம் நன்கறிவோம்.

எனவே இத்தகடுகள் நம் கூரைக்கு வரும் நாளில், எவ்வளவு மின் தரும் என்பதோடு, அந்த ஈயம் எங்கே போய்ச் சேரும் என்றும் கேட்போம். அதைக் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய பிள்ளைகள் நம் பாடசாலையின் பௌதிகவியல் வகுப்பிலிருந்து வரட்டும். அவர்களுக்குத் துணைநிற்பது நம் கடமை.